டிராக், புல், டோ, ஹால்... எல்லாத்துக்கும் அர்த்தம் 'இழு'தானா? எதை எங்க போடுறதுன்னு சொல்லுங்க

கேள்வி: ஒர்க்‌ஷாப் அட்வைசர், கோயம்புத்தூர்

எல்லாருக்கும் வணக்கங்க. நான் ஒரு கார் ஒர்க்‌ஷாப்ல சர்வீஸ் அட்வைசரா இருக்கேன். தமிழ் மீடியம், டிப்ளமோ. வண்டி வேலை நல்லா தெரியும், ஆனா இப்பல்லாம் பாதி நாள் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து கஸ்டமருக்கும் இன்சூரன்ஸ்காரங்களுக்கும் மெயில் அடிக்கறதுலயே போயிருது.

போன மாசம் ஒரு ஆட்டோமேட்டிக் கியர் வண்டி பாலக்காடு ரோட்டுல அடிபட்டு நின்னுருச்சு, நாங்க ரெக்கவரி லாரிய அனுப்பி நாலு சக்கரத்தையும் மேல ஏத்தி பெல்ட் போட்டு கட்டி பத்திரமாத்தான் கொண்டு வந்து எறக்குனோம். சாயங்காலம் இன்சூரன்ஸ் சர்வேயருக்கு மெயில் போட்டேன், அதுல 'தி வெஹிகிள் வாஸ் டிராக்டு டு அவர் வொர்க்‌ஷாப்'னு எழுதிட்டேன். காலைல அவரு போன் பண்ணி, 'ஏனுங்க, ஆட்டோமேட்டிக் வண்டிய ரோட்டோட இழுத்துட்டா வந்தீங்க, அப்ப கியர்பாக்ஸ் டேமேஜ் ஆக்சிடென்ட்ல ஆனதா, நீங்க இழுத்ததுல ஆனதா'ன்னு கேக்கறாரு. எனக்கு கை கால் ஓடல. எஞ்சின் ஓடாதப்ப டிரைவ் சக்கரம் தரையில உருண்டா கியர்பாக்ஸுக்குள்ள ஆயில் சுத்தாது, உள்ள இருக்கற பார்ட்ஸ் காஞ்சு தேஞ்சு போயிரும், அதுக்காகத்தான் மேல ஏத்துனதே. கடைசில டிரைவர் லாரி மேல வண்டி நிக்கறத போட்டோ எடுத்து வச்சிருந்தாரு, அது இருந்ததால பொழச்சோம், ஆனா கிளெய்ம் நாலு நாள் நின்னுருச்சு, கஸ்டமர் தினம் போன் பண்ணி கேட்டாரு, எனக்கு பதில் சொல்ல வாயில்ல.

டிக்‌ஷனரிய எடுத்துப் பாத்தா புல் (pull), டிராக் (drag), டிரா (draw), டக் (tug), டோ (tow), ஹால் (haul), லக் (lug), யாங்க் (yank)னு வரிசையா இருக்கு, எல்லாத்துக்கும் நேரா 'இழு, இழுத்தல்'னு போட்டிருக்கு. எல்லாம் ஒண்ணுன்னா எதுக்கு இத்தனை? வேலைல எங்க எதை எழுதணும்னு கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க.

பதில்: இங்கிலீஷ் டீச்சர் (ரிட்டயர்டு), மதுரை

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்றேன், நீங்க எழுதினது கிராமர் தப்பே இல்ல. வார்த்தை மட்டும் வேற படத்த காட்டிருச்சு. 32 வருஷம் கிளாஸ் எடுத்திருக்கேன், பிள்ளைங்க தடுக்கி விழுற இடம் இதுதான், ஏன்னா நாம வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் மனப்பாடம் பண்ணுறோம், பொருள் எப்படி நகருதுன்னு கண்ணால பாக்குறதில்ல.

டிக்‌ஷனரிய மூடி வச்சிட்டு வீட்டுக்கு வந்து எறங்குற ஒரு அரிசி மூட்டைய நெனைச்சுக்கோங்க. தனி ஆளா தூக்க முடியாம ரெண்டு காதையும் புடிச்சு சிமெண்டு தரையில சர்ர்ருன்னு இழுத்துட்டுப் போறீங்க, பின்னாடி தூசியில கோடு விழுது, சாக்கு அடியில நூல் பிரியுது. அது டிராக். அதே மூட்டைய சக்கரம் வச்ச பலகையில வச்சு கயித்த புடிச்சு நடந்தா வெறும் புல், அதை டிராக்னு சொல்ல மாட்டாங்க, சக்கரம் சுத்துதுல்ல. மூட்டைய மாடிப்படியில தோள்ல மாத்தி இடுப்புல மாத்தி மூச்சு வாங்க சுமந்துட்டுப் போனா லக். நாம தினம் சொல்ற லக்கேஜ் இதுலருந்துதான் வந்துச்சு, சிரமப்பட்டு இழுத்துட்டுப் போற சாமான்னு அர்த்தம். மூட்டை வாய் தையல்ல சரியான நூல் முனைய கண்டுபிடிச்சு வெடுக்குன்னு ஒரே இழு இழுத்தா யாங்க். (அந்த முனை மாட்டிருச்சுன்னா தையல் மொத்தமும் சரசரன்னு பிரியும் பாருங்க, எனக்கு இந்த வயசுலயும் அதுல ஒரு சந்தோஷம்.) பேரன் பக்கத்துல நின்னு 'எனக்குக் குடு எனக்குக் குடு'ன்னு என் சேலை முந்தானைய விட்டு விட்டு இழுத்தா டக். புல் மட்டும் பொதுவான வார்த்தை, பேச்சுல எங்க போட்டாலும் பெரிசா தப்பு வராது.

டிராக்ல மூணு விஷயம் சேந்து இருக்கும்: அடி தரையில உரசுது, கனமா இருக்கு, இழுபடுற பொருளுக்கு வர மனசில்ல. அதனாலதான் அழுற பிள்ளைய ஸ்கூலுக்கு டிராக் பண்ணுறாங்க, கேஸ் கோர்ட்ல வருஷக்கணக்கா டிராக் ஆகுது, வேலைய வேணும்னே தள்ளிப் போடுற ஆள் காலை டிராக் பண்ணுறான்னு சொல்லுவாங்க. நாமளும் அப்படித்தான பேசுறோம். படம் ரெண்டாவது பாதி ஒரே இழுவைன்னு சொல்றோம், ஜவ்வா இழுக்குதுன்னு சொல்றோம், ஆபீஸ்ல ஃபைல நகத்தாம இழுத்தடிக்கிறாங்கன்னு சொல்றோம். இந்த 'இழுவை', 'இழுத்தடி' எங்கெல்லாம் பொருந்துதோ அங்க கண்ண மூடிட்டு டிராக் போடலாம்.

இப்ப உங்க கார். இன்னொரு வண்டியில கயிறோ செயினோ கம்பியோ மாட்டி, இழுபடுற வண்டி தன் சக்கரத்துல உருண்டு வந்தா டோ. முன் சக்கரத்த மட்டும் தூக்கி மாட்டிட்டு வந்தாலும் டோதான். 'கோ' மாதிரி 'டோ', டவ் இல்ல. ஆனா நாலு சக்கரமும் லாரி மேல ஏறிருச்சுன்னா சாதாரணமா பேசும்போது டோ பண்ணாங்கன்னு சொன்னாலும் ரிப்போர்ட்ல அப்படி எழுதாதீங்க, 'டிரான்ஸ்போர்ட்டடு ஆன் எ ஃபிளாட்பெட்'னு எழுதுங்க. சர்வேயர் ஒரு கேள்வி கேக்க மாட்டார்.

பதில்: தேர்ப்பாட்டை, திருவாரூர்

டீச்சரம்மா சொன்னதுக்கு மேல ஒண்ணு. எங்க ஊர் ஆழித்தேர் 96 அடி. ரெண்டு பக்கமும் ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடிச்சு 'ஆரூரா தியாகேசா'ன்னு இழுக்கும்போது நான் ஒரு வெளிநாட்டு நண்பருக்கு இங்கிலீஷ்ல எழுதினேன், டிராக்னுதான் எழுதினேன். அவர் வந்து நேர்ல பாத்துட்டு, இதை டிராக்னு சொல்லாதப்பா, தேர் எவ்வளவு கம்பீரமா உருண்டு வருது, டிரானு சொல்லு, இல்ல புல்னு சொல்லுன்னார். குதிரை வண்டிக்கும் மாட்டு வண்டிக்கும் அவங்க டிராதான் சொல்லுவாங்களாம், ஹார்ஸ் டிரான் கேரேஜ்னு. சாமியும் தேரும் மனசில்லாம இழுபட்டு வரல, நாம கூப்பிட வருதுங்கறது எனக்கு அப்பதான் அந்த வார்த்தையில உறைச்சுது.

இன்னொரு விஷயம் கேளுங்க. தேர் ஓடும்போது சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போடுறவங்க கூடவே குனிஞ்சபடி ஓடுவாங்க. தேர்ல வேற எல்லா வேலையையும் விட ஆபத்தான வேலை அதுதான், கட்டைய சக்கரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவுல செருகிட்டு கைய எடுக்கணும், அந்த ஒரு நொடி பாக்கற நமக்கே வயித்தப் பிசையும். பிற்பாடு திருச்சி பெல் (BHEL) கம்பெனி தேருக்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செஞ்சு குடுத்த பிறகும் வீதி முனையில திருப்பறதுக்கு கட்டை வேணும். இங்கிலீஷ்காரங்க ஊர்லயும் பழைய குதிரை வண்டி சரிவுல எறங்கும்போது சக்கரத்துக்கு அடியில ஒரு இரும்புக் கட்டை வைப்பாங்களாம், அதுக்குப் பேரே டிராக். அதனாலதான் முன்னேற விடாம பிடிச்சு வைக்கிற எதையும் 'எ டிராக் ஆன்'னு சொல்றாங்க. நாம 'முட்டுக்கட்டை போடறான்'னு சொல்றோம்ல, அச்சு அசலா அதேதான். ரெண்டு ஊர்க்காரனும் வண்டிச் சக்கரத்தப் பாத்துத்தான் இந்தப் பேச்சைக் கத்துக்கிட்டிருக்கான்.

பதில்: ஒர்க்‌ஷாப் அட்வைசர்

டீச்சருங்க, ரொம்ப நன்றிங்க, மூட்டை உதாரணம் மனசுல அப்படியே நின்னுருச்சு. ஆனா திருவாரூர் அண்ணன் டிரான்னு சொன்னதுல கொழப்பம் வந்துருச்சு. டிரான்னா படம் வரையறதுதானுங்களே? சம்பளம் டிரா பண்றதுன்னும் சொல்றாங்க. அதுல இழுக்கறது எங்க வருது?

பதில்: பில் செக்‌ஷன், சேலம்

இதுக்கு நான் சொல்றேன், எங்க ஆபீஸ்ல இந்த வார்த்தை இல்லாம ஒரு நாள் போகாது. சம்பள பில்லுல கையெழுத்துப் போடுறவர டிராயிங் ஆபீசர்னுதான் சொல்லுவோம், தமிழ்ல பணம் பெற்று வழங்கும் அலுவலர். வேலைக்கு சேந்த புதுசுல அவர் ஏதோ படம் போடுறவர்னு எங்க வீட்ல நெனச்சாங்க.

டிராவும் டிராகும் ஒரு வயித்துப் புள்ளைங்க. பழைய இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வேர், இழுக்கிறதுன்னுதான் அர்த்தம். பென்சிலப் பேப்பர் மேல இழுத்தா கோடு விழுது, அதனால படம் வரையறதும் டிரா ஆச்சு. நாமளும் 'ஒரு கோடு இழு'ன்னுதான சொல்றோம். ரெண்டுக்கும் வித்தியாசம் என்னன்னா டிராக் முரட்டு வேலை, டிரா பதவிசான வேலை. உள்ள இருக்கிறத நிதானமா வெளிய கொண்டு வர்றது, இல்ல நம்ம பக்கம் வரவைக்கிறது. கெணத்துல தண்ணி சேந்துறோம்ல, அது டிரா. லேப்ல கையில ரப்பர் கட்டி ரத்தம் எடுக்கிறது டிரா. உறையிலருந்து கத்திய உருவுறது டிரா, திரைச்சீலைய இழுத்து விடுறது டிரா, சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒண்ண எடுக்கிறதும் டிரா. கஜானாலருந்து பணத்த எடுக்கிறதும் இதே கணக்குதான். தமிழ்ல பாருங்க, சேந்து, உருவு, இறை, எடுன்னு எடத்துக்கு எடம் தனித்தனி வார்த்தை வச்சிருக்கோம், இங்கிலீஷ்ல இது எல்லாம் ஒரே டிரா. அதனால நம்மகிட்ட 'இழு' மட்டும்தான் இருக்குன்னு நெனைக்காதீங்க, நம்மகிட்ட அவங்கள விட கூடவே இருக்கு, டிக்‌ஷனரி போட்டவங்க சோம்பல்பட்டு எல்லாத்துக்கும் 'இழு'ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்கன்னு எனக்கு நெசமாவே வருத்தம் உண்டு.

மேஜை டிராயர்னு சொல்றோமே, இழுத்துத் தொறக்கிறதாலதான் அந்தப் பேரு, தமிழ்ல இழுப்பறைன்னு சரியா அதையேதான் வச்சிருக்கோம். செக்குல கையெழுத்துப் போடுறவரும் டிராயர். நம்ம அப்பா தாத்தா காலத்துல போட்டுட்டிருந்த அரை டிராயரும் இதே சொல்லுதான், கால உள்ள விட்டு மேல இழுத்துப் போடுறதால.

பதில்: கரைவலை, வடமராட்சி

அண்ணை வணக்கம். லாச்சியைத்தான் நீங்கள் டிராயர் எண்டுறியள் எண்டு இப்பதான் விளங்குது, எங்கட பக்கம் மேசை லாச்சி எண்டுதான் கதைக்கிறது, அது டச்சுக்காரன் விட்டிட்டுப் போன சொல்லு.

இஞ்ச ஒருத்தரும் ஹால் பற்றிச் சொல்லேல்லை, அதை நான் சொல்லுறன். எங்கட அப்பப்பா கரைவலை இழுத்தவர். வலையைத் தோணியில கொண்டு போய்க் கடலில அரை வட்டமா வளைச்சுப் போட்டிட்டு ரெண்டு பக்கக் கயிறையும் கரையில நிண்டு இழுக்கிறது. ஒரு பக்கத்துக்குக் குறைஞ்சது பத்துப் பன்ரெண்டு பேர் நிப்பினம். கயிறை இடுப்பில வளையமாக் கொழுவிக்கொண்டு குதிக்கால் மணலுக்குள்ள புதையப் பின்னுக்கு பின்னுக்கு நடக்க வேணும், கடைசி ஆள் முடிஞ்ச உடனை கயிறை விட்டிட்டு ஓடி வந்து தண்ணிக் கரையில திரும்பப் பிடிப்பார். முன்னுக்கு ஒருத்தர் அம்பா பாட மற்றாக்கள் திருப்பிச் சொல்லுவினம், அந்தத் திருப்பிச் சொல்லுற இடத்திலதான் எல்லாற்ற பாரமும் ஒண்டாய் விழும். இதுதான் ஹால். பாரமான சாமான், கன தூரம் இல்லாட்டிக் கன நேரம், கயிறு, ஆள்ச் சேர்க்கை. வெள்ளைக்காரக் கப்பல்காரரும் 'ஹீவ் ஹோ' எண்டு கத்திக் கத்தித்தான் பாய்மரக் கயிறு இழுத்தவை, அதில ஹீவ் எண்டது எல்லாரும் தம் பிடிச்சு ஒரே மூச்சில இழுக்கிற அந்த ஒரு இழுவை.

இன்னொரு வடிவான விசயம், இழுத்து வந்த மீனையும் அவை ஹால் எண்டுதான் சொல்லுறது, குட் ஹால் எண்டு. நாங்கள் 'இண்டைக்கு மீன்பாடு எப்பிடி' எண்டு கேக்கிறமே, அந்தப் பாடு. பாடு பட்டதும் பாடுதான், கிடைச்சதும் பாடுதான். லொறியில தூர இடத்துக்குச் சாமான் ஏத்திறதும் ஹால், லண்டனுக்குப் பத்துப் பதினொரு மணித்தியாலம் பறக்கிறது லோங் ஹால் பிளைட். வீட்டு ஹோலும் இந்த ஹாலும் காதுக்கு ஒண்டுதான், எழுத்து மட்டும் வேற.

தண்டு வலிக்கிறதுக்கு அவை புல் எண்டுவினம். எங்கட 'வலி'யும் பழைய தமிழில இழுக்கிறது எண்டதுதான், மலையாளத்தில இண்டைக்கும் கதவில வலிக்குக எண்டு எழுதிக் கிடக்கு.

பதில்: துறைமுகம், தூத்துக்குடி

டக்னு ஒரு வார்த்தைய டீச்சர் சொன்னாங்கள்லா, எங்களுக்கு அது சோறு போடுத வார்த்தை. பெரிய கப்பல் வந்தா டக் போட் போயி கயிறு மாட்டி பெர்த்துக்கு கொண்டு வரும், பேருக்கு இழுக்குததுன்னாலும் பாதி நேரம் மூக்க குடுத்து முட்டித் தள்ளும். டக்னா பலமா, விட்டு விட்டு, எதுத்துக்கிட்டு நிக்குத பொருள இழுக்குதது. கயிறு இழுக்குத போட்டிக்கும் அதான் டக் ஆஃப் வார்னு பேரு, அது 1900-லருந்து 1920 வரைக்கும் ஒலிம்பிக்ஸ்லயே இருந்த போட்டி. சின்ன இழுப்புக்கும் டக்தான், தூண்டில்ல மீன் கடிச்சா கையில ஒரு சுண்டு சுண்டும்லா, அது டக். மனச சுண்டி இழுக்குதுன்னு சொல்லுதோமே, அதுக்கும் அவங்க டக்னுதான் சொல்லுவாங்க.

பதில்: கோடிங், சென்னை

எனக்கு ஒரு டவுட். டீச்சர் மேடம், டிராக்னா தரையில உரசணும்னு சொன்னீங்க, அப்ப மவுஸ்ல டிராக் அண்ட் டிராப்னு சொல்றமே அதுல தரை எங்க இருக்கு, கனம் எங்க இருக்கு? அப்புறம் எங்க வேலையில, பல பேர் எழுதுற கோடை ஒண்ணா சேத்து வைக்கிற கிட் (Git)னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதுல கிட் புல், புல் ரிக்வெஸ்ட்னு வரும், அங்க மட்டும் யாரும் டிராக்னு சொல்றதில்ல. என்னைக் கேட்டா எல்லாத்துக்கும் புல்னு போட்டுட்டா பிரச்சனையே இல்ல.

பதில்: இங்கிலீஷ் டீச்சர் (ரிட்டயர்டு), மதுரை

நல்ல கேள்வி தம்பி. மவுஸ்ல பட்டன அழுத்தி வச்சுட்டே நகத்துறீங்க, விரலத் தூக்குனா விழுந்துரும், ஸ்கிரீன் மேலயே ஒட்டி வருது. மேல தூக்காம தளத்தோட தளமா நகத்துறதுதான் டிராக், கனம் இல்லாட்டியும் அந்த 'தூக்கல'ங்கறது இருக்கு. கிட் விஷயம் எனக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லணும்.

எல்லாத்துக்கும் புல் போடலாம்ங்கறத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். பேச்சுல சரி. ஆனா இந்தத் தம்பி எழுதுறது ரிப்போர்ட், அதுல ஒரு வார்த்தைக்கு நாலு நாள் போயிருக்கு, ஒரு குடும்பத்தோட கார் நின்னு போயிருக்கு. அதோட புல் பின்னாடி ஒரு சின்னச் சொல் ஒட்டுச்சுன்னா அர்த்தம் எங்கயோ போயிரும். புல் ஓவர்னா வண்டிய ஓரங்கட்டுறது, புல் அவுட்னா ஒத்துக்கிட்ட வேலையிலருந்து கழண்டுக்கிறது, புல் டவுன்னா கட்டடத்த இடிக்கிறது, ஆஸ்பத்திரில 'ஹி வில் புல் த்ரூ'ன்னா பிழைச்சு எந்திரிச்சிருவார்னு அர்த்தம், அதைக் கேட்டு ஒருத்தர் பயந்து அழுததப் பாத்திருக்கேன். முக்கியமா, புல்லிங் மை லெக்னா நம்ம ஊர் 'காலை வாருறது' இல்ல. காலை வாருறதுன்னா கூட இருந்தே குழி பறிக்கிறது, அவங்க சொல்றது சும்மா விளையாட்டுக்குக் கலாய்க்கிறது. மேனேஜர் சிரிச்சுட்டே அதைச் சொன்னா மனசு ஒடஞ்சு போயிராதீங்க.

பதில்: கோடிங், சென்னை

சரிங்க மேடம், ரிப்போர்ட்னு வரும்போது நீங்க சொல்றது சரிதான். கிட்ல நாம இருக்கிற பக்கம் கொண்டு வந்தா புல், அந்தப் பக்கம் அனுப்பினா புஷ். புல் ரிக்வெஸ்ட்னா 'நான் செஞ்ச மாத்தத்த உங்க பக்கம் இழுத்துக்கோங்க'ன்னு எதிராளிகிட்ட கேக்கிறது, இழுக்கிறது அவங்க, கேக்கிறது நாம. புதுசா சேர்ற பசங்க 'நான்தானே அனுப்புறேன், ஏன் புஷ் ரிக்வெஸ்ட்னு சொல்லல'ன்னு கேப்பாங்க, இனிமே இந்த மாதிரியே சொல்லிடுறேன்.

பதில்: பிசியோ, திருச்சி

சின்ன சேர்க்கை. 'தசை பிடிச்சுக்கிச்சு'ன்னு வர்றவங்களுக்கு கேஸ் ஷீட்ல புல்டு மசில்னு எழுதுவோம், டிராக்டுன்னு எழுதினா வேற மாதிரி ஆயிடும். கால் எலும்பு உடைஞ்சவங்களுக்கு வெயிட் தொங்கவிட்டு இழுத்து வைக்கிறது டிராக்‌ஷன். இந்த டிராக்‌ஷன், உழுற டிராக்டர், பல் புடுங்குற எக்ஸ்ட்ராக்‌ஷன், மனசு இழுக்கிற அட்ராக்‌ஷன் எல்லாம் இழுக்கிறதுங்கிற ஒரே லத்தீன் வேர்லருந்து வந்தது, நாம ஏறுற டிரெயினும் அதுதான். ஆனா இந்த டிராக்டர்ல வர்ற டிராக்கும் மேல பேசின டிராக்கும் வேற வேற, சத்தம் ஒத்துப்போறதால ஒண்ணுன்னு நெனச்சுடாதீங்க.

பதில்: ஒர்க்‌ஷாப் அட்வைசர்

எல்லாருக்கும் மனசார நன்றிங்க. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல எங்க ரெக்கவரி டிரைவர் அண்ணனுக்கும் படிச்சுக் காட்டுனேன், கரைவலைக் கதைய ரெண்டு தடவ படிக்கச் சொன்னாரு. இன்னிக்கு வந்த வண்டிக்கு இப்படி எழுதிருக்கேன், சரியான்னு பாருங்க: 'தி கார் வாஸ் புல்டு அவுட் ஆஃப் தி டிச் வித் எ வின்ச், லோடடு ஆன் எ ஃபிளாட்பெட் அண்ட் டிரான்ஸ்போர்ட்டடு டு அவர் வொர்க்‌ஷாப்.' குழிக்குள்ள இருந்து எடுக்கும்போது மட்டும் அடிப்பக்கம் கல்லுல உரசுச்சுங்க, பம்பர் கீழ கோடு விழுந்திருக்கு. அதை எழுதறதா வேண்டாமா?

பதில்: இங்கிலீஷ் டீச்சர் (ரிட்டயர்டு), மதுரை

கட்டாயம் எழுதுங்க தம்பி. வாக்கியம் நல்லா இருக்கு, 'புல்டு' இருக்கட்டும். அடுத்த வரியில பம்பர் அடி கல் மேல எத்தனை அடி தூரம் டிராக் ஆச்சுன்னு தனியா போட்டு போட்டோவும் வச்சிருங்க. இந்த எடத்துக்கு அந்த வார்த்தைதான் சரி.